சாம்பல் நோய்க்கான வீட்டுத் தெளிப்புக் கரைசல்கள்: பெயர், அளவு, நேரம் சார்ந்த பாதுகாப்பு

ஆய்வுச் சுருக்கம்

செடிகளின் இலைகளில் வெண்பொடி தூவியதுபோல் தோன்றும் சாம்பல் நோய்க்கு ஆப்ப சோடா, பால், வேப்பெண்ணெய், சோப்பு முதலான வீட்டுப் பொருள்களைக் கரைத்துத் தெளிக்கும் வழக்கம் வீட்டுத் தோட்டங்களிலும் மாடித் தோட்டங்களிலும் காணப்படுகிறது. இவற்றுள் சில, முறையான ஆய்வுகளிலும் பயன் தந்துள்ளன. ஆயினும் அந்தப் பயன் குறிப்பிட்ட நோய், குறிப்பிட்ட பயிர், குறிப்பிட்ட அளவு ஆகியவற்றுக்கு உட்பட்டது. ‘வீட்டில் உள்ள பொருள்’ என்பது அதன் பாதுகாப்புக்குச் சான்றாகாது என்பதையும், நோயின் பெயர், பொருளின் பெயர், அளவு, தெளிக்கும் நேரம் ஆகியன சரியாக அமையும்போதே பாதுகாப்பு உண்டாகிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்

சாம்பல் நோய், அடிச்சாம்பல் நோய், ஆப்ப சோடா, பால் கரைசல், வேப்பெண்ணெய், இலைக்கருகல், வேளாண் கலைச்சொற்கள்

முன்னுரை

உளுந்து, பாசிப்பயறு, மிளகாய், வெண்டை, பூசணிக் குடும்பக் கொடிகள், ரோஜா, திராட்சை, மா எனப் பல பயிர்களைத் தாக்குவது சாம்பல் நோய். தமிழகத்தில் பருவமழை ஓய்ந்து, பகல் வறண்டும் இரவு குளிர்ந்தும் இருக்கும் பனிக்காலத்தில் இதன் தாக்குதல் கூடுகிறது. நான்கைந்து தொட்டிகளில் பாகலும் ரோஜாவும் வளர்ப்பவர், பூசணக்கொல்லியை வாங்கி வந்து வீட்டில் வைக்கத் தயங்குவது இயல்பு. அந்தத் தயக்கத்தால் அவர் சமையலறைப் பொருள்களை நாடுகிறார்.

இத்தேர்வு அடிப்படையில் தவறானதன்று. வாய்மொழியாகப் பரவும் செய்முறைகளில் ‘கொஞ்சம் சோடா’, ‘ஒரு கரண்டி எண்ணெய்’, ‘சிறிது சோப்பு’ என்று வருவதே சிக்கல். மருந்துக் கடையில் வாங்கும் பூசணக்கொல்லியின் உறையில் அளவும் எச்சரிக்கையும் அச்சிடப்பட்டிருக்கும். சமையலறைப் பொருளுக்கு அத்தகைய உறை இல்லை; அதனைச் செடிக்குப் பயன்படுத்துபவரே அளவை வகுத்துக்கொள்ள வேண்டியுள்ளது. அவ்வாறு வகுப்பதற்குத் தேவையான செய்திகளைத் தொகுத்து விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயின் பெயரும் அதன் இயல்பும்

தமிழ் வேளாண் வழக்கில் ‘சாம்பல் நோய்’, ‘அடிச்சாம்பல் நோய்’ என இரு பெயர்கள் உள்ளன. பெயரளவில் இவை ஒன்றன் இரு வகைகள்போல் தோன்றினும், உயிரியல் அடிப்படையில் இவற்றிடையே நெருங்கிய உறவில்லை.

சாம்பல் நோயை உண்டாக்குபவை எரிசிஃபேல்ஸ் வரிசையைச் சேர்ந்த பூசணங்கள். இவை உயிருள்ள செடியில் மட்டுமே வாழ வல்லவை. பூசண இழைகள் பெரும்பாலும் இலையின் மேற்பரப்பிலேயே படர்ந்து, புறத்தோல் செல்களுக்குள் உறிஞ்சு உறுப்புகளைச் செலுத்தி உணவைப் பெறுகின்றன. இவற்றின் வித்துகள் முளைப்பதற்கு இலையில் நீர்த்துளி தேவையில்லை. இலையின் மேல் நீர் நின்றால் வித்துகள் பல அழிகின்றன. ரோஜாவைத் தாக்கும் பூசணம் பாகலுக்குப் பரவுவதில்லை என்பதும் இவ்வகையின் இயல்பு.

அடிச்சாம்பல் நோயை உண்டாக்குபவை ஊமைசீட் என்னும் பிரிவைச் சேர்ந்த நுண்ணுயிரிகள். இவை உண்மைப் பூசணங்கள் அல்ல. ஈரமான இலையில் முளைத்து, இலைத்துளைகளின் வழியே உள்ளே புகுந்து, திசுக்களுக்கிடையில் வளர்கின்றன. பூசணிக் குடும்பக் கொடிகளில் இலையின் மேற்புறத்தில் நரம்புகளுக்கு இடைப்பட்ட கோண வடிவ மஞ்சள் புள்ளிகளும், அவற்றுக்கு நேர் கீழே அடிப்புறத்தில் சாம்பல் நிற வளர்ச்சியும் காணப்படும்.

இவ்வேறுபாடு நடைமுறையில் மிக முக்கியமானது. காலையில் இலைகளை வெறும் நீரால் நன்கு கழுவுவது சாம்பல் நோயை ஓரளவு குறைக்கும். அடிச்சாம்பல் நோய் உள்ள செடியில் அதே செயல் நோயைப் பரப்பும். மேற்பரப்பில் மட்டும் செயல்படும் சோடா, பால் கரைசல்கள் இலையின் உள்ளே வளரும் அடிச்சாம்பல் நோய்க்குத் தீர்வாகா.

இவ்விரண்டுக்கும் இடையில் வைத்து எண்ணத்தக்கது மிளகாயின் சாம்பல் நோய். இதனை உண்டாக்கும் லெவில்லுலா டாரிக்கா என்னும் பூசணம் சாம்பல் நோய்ப் பூசணமே ஆயினும், இலையின் உள்ளே வளர்ந்து, இலைத்துளை வழியாக அடிப்புறத்தில் வெண்பொடியாக வெளிப்படுகிறது. இதனால் ரோஜாவில் பயன் தந்த கரைசல் மிளகாயில் எதிர்பார்த்த பயனைத் தராமல் போகலாம். அவ்வேளையில் அளவைக் கூட்டுவது நோயைத் தீர்ப்பதில்லை, இலையைக் கருக்குகிறது. எனவே, தெளிப்பதற்கு முன் இலையின் இருபுறமும் பார்த்து நோயை உறுதிசெய்வது பாதுகாப்பின் முதற்படியாகும்.

ஆப்ப சோடா: மூன்று பொருள்களுக்கு ஒரு சொல்

‘சோடா’ என்னும் சொல் தமிழ் வீடுகளில் குறைந்தது மூன்று பொருள்களைக் குறிக்கிறது. ஆப்ப சோடா அல்லது சமையல் சோடா என்பது சோடியம் பைகார்பனேட். சலவை சோடா என்பது சோடியம் கார்பனேட். காஸ்டிக் சோடா என்பது சோடியம் ஹைட்ராக்சைடு. நீரில் கரைந்த ஆப்ப சோடாவின் கார அமில நிலை (பி.எச்.) ஏறத்தாழ 8.3. சலவை சோடாக் கரைசலில் அது 11 அளவுக்கு உயரும். காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் அரித்துப் புண்ணாக்கும். ‘சோடா கரைத்துத் தெளிக்கலாம்’ என்ற குறிப்பில் எந்தச் சோடா என்று கூறப்படாவிடில், அக்குறிப்பே ஆபத்தாகிறது. பேக்கிங் பவுடரும் ஆப்ப சோடாவும் ஒன்றல்ல. முன்னதில் அமிலப்பொருளும் மாவும் கலந்திருக்கும்.

1992ஆம் ஆண்டு அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹார்ஸ்ட் முதலானோர் ரோஜாவின் சாம்பல் நோய், கரும்புள்ளி நோய் ஆகியவற்றின் மீது சோடியம் பைகார்பனேட்டைச் சோதித்து வெளியிட்டனர். 0.063 மோலார் செறிவுள்ள கரைசலுடன் 1 விழுக்காடு தோட்டக்கலை எண்ணெய் சேர்த்து வாரந்தோறும் தெளித்தபோது நோய் குறைந்தது. இச்செறிவைக் கிராமில் கணக்கிட்டால், லிட்டருக்கு ஏறத்தாழ 5.3 கிராம் ஆகும். ‘ஒரு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி’ என்னும் வழக்கு இதனோடு பொருந்துகிறது. ஆனால் 5 மில்லிலிட்டர் கரண்டியில் மட்டமாக வழித்து எடுத்தால்தான் அது ஏறத்தாழ 5 கிராம். குவித்து எடுத்தால் இருமடங்கை நெருங்கும்.

அளவு மிகுந்தால் இலை ஓரம் கருகும். இது உடனே கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாதது சோடியத்தின் சேர்க்கை. சோடியம் பைகார்பனேட்டின் எடையில் ஏறத்தாழ 27 விழுக்காடு சோடியம். ஒரு தொட்டிச் செடிக்கு வாரம் 200 மில்லிலிட்டர் வீதம் 10 வாரங்கள் தெளித்தால், 2 லிட்டர் கரைசலில் 10 கிராம் சோடாவும் அதனுள் ஏறத்தாழ 2.7 கிராம் சோடியமும் செலவாகின்றன. இதில் ஒரு பகுதி இலையிலிருந்து வழிந்து தொட்டி மண்ணில் தங்கும். வயலில் மழைநீர் உப்பைக் கீழே கொண்டுசெல்லும். வடிதுளை அடைபட்ட தொட்டியில் அதற்கு வழியில்லை. உவர்நீரே கிடைக்கும் பகுதிகளில் இச்சேர்க்கை மேலும் கூடும். ஆகவே தொட்டியின் வாயைத் தாளால் மூடிவிட்டுத் தெளிப்பதும், தொடர்ந்து பல வாரங்கள் சோடாவையே நம்பாதிருப்பதும் தேவை. பொட்டாசியம் பைகார்பனேட் இக்குறை இல்லாத மாற்றுப்பொருள். எனினும் அது சமையலறைப் பொருளன்று.

சோடாவை வெந்நீரில் கரைப்பதும் தவிர்க்கத்தக்கது. கொதிநீரில் பைகார்பனேட் சிதைந்து கார்பனேட்டாக மாறும்; அதாவது ஆப்ப சோடா, சலவை சோடாவின் இயல்பை நோக்கி நகரும்.

பால் கரைசல்

1999ஆம் ஆண்டு பிரேசிலின் எம்ப்ராபா ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த வாக்னர் பெட்டியோல், பசுங்குடிலில் வளர்த்த சுக்கினிப் பூசணியின் சாம்பல் நோய்க்குப் பசும்பாலை 5 முதல் 50 விழுக்காடு வரையிலான செறிவுகளில் தெளித்துச் சோதித்தார். செறிவு கூடக்கூட நோய் குறைந்தது. செறிவு மிக்க கரைசல்கள், ஒப்பீட்டுக்குப் பயன்படுத்திய பூசணக்கொல்லிகளைவிடவும் நன்கு செயல்பட்டன. பின்னர் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் கிறிஸ்ப், விக்ஸ், ஸ்காட் ஆகியோர் திராட்சையில் பாலையும் பால்தெளிவையும் ஆராய்ந்தனர். ஒளி படும்போது பாலிலிருந்து உண்டாகும் தனி உறுப்புகளும், பாலிலுள்ள லாக்டோஃபெரின் என்னும் புரதமும் பூசணத்தைச் சிதைப்பதில் பங்கு பெறுவதாக அவர்களது 2006ஆம் ஆண்டு ஆய்வு சுட்டியது.

இவ்வாய்வுகளிலிருந்து மூன்று செய்திகளைப் பெறலாம். முதலாவது, 100 மில்லிலிட்டர் பாலுடன் 900 மில்லிலிட்டர் நீர் என்னும் 10 விழுக்காட்டுக் கரைசல் வீட்டுப் பயன்பாட்டுக்கு ஏற்ற தொடக்க அளவு. இரண்டாவது, ஒளியின் பங்கு இருப்பதால் மாலையில் தெளிப்பதைவிடக் காலையில் தெளிப்பது பொருத்தம். மூன்றாவது, பசுங்குடிலில் ஒரு பயிரில் பெற்ற முடிவை எல்லாச் செடிகளுக்கும் பொதுவாக்க இயலாது.

பால் உண்ணும் பொருளாயினும், அதன் தெளிப்பு முற்றிலும் தீங்கற்றதன்று. செறிவு கூடினால் இலையில் பாலாடை படிந்து வேறு பூஞ்சைகள் வளர இடமாகும், நாற்றமும் எழும். காய்ச்சாத பாலில் மனிதருக்கு நோய் தரும் பாக்டீரியா இருக்கக்கூடும். ஆதலால், பச்சையாக உண்ணும் கொத்தமல்லி, புதினா, வெள்ளரி போன்றவற்றுக்குக் காய்ச்சி ஆறவைத்து ஆடை நீக்கிய பாலையே பயன்படுத்த வேண்டும். எஞ்சிய கரைசலை மறுநாளுக்கு வைத்தல் கூடாது.

வேப்பெண்ணெயும் சோப்பும்

உளுந்து, பாசிப்பயறு ஆகியவற்றின் சாம்பல் நோய்க்கு 3 விழுக்காடு வேப்பெண்ணெய் அல்லது 5 விழுக்காடு வேப்பங்கொட்டைச் சாற்றை, நோய் தோன்றியதும் ஒருமுறையும் 10 நாள் கழித்து மறுமுறையும் தெளிக்கத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. 3 விழுக்காடு என்பது லிட்டருக்கு 30 மில்லிலிட்டர். இது வயலில் வளரும் பயறு வகைக்கான அளவு. மாடியில் தொட்டியில் வளரும் மென்மையான கொடிகளுக்கு இதனை அப்படியே எடுத்தாள்வது பொருந்தாது. லிட்டருக்கு 5 மில்லிலிட்டரில் தொடங்கி, இலையின் தாங்குதிறன் அறிந்து கூட்டுவதே தக்கது.

எண்ணெய் நீரில் கரைவதில்லை. ஆகவே சிறிது வெதுவெதுப்பான நீரில் காதி சோப்பைக் கரைத்து, அதில் எண்ணெயை ஊற்றிப் பால்போல் வெளுக்கும்வரை கலக்கி, அதன்பின் எஞ்சிய நீரைச் சேர்க்க வேண்டும். மேலே எண்ணெய் மிதந்தால் அக்கரைசலைத் தெளிக்கக் கூடாது. திட்டுத்திட்டாகப் படியும் எண்ணெய் இலைத்துளைகளை அடைத்து, வெயில் ஏறும்போது அவ்விடங்களைக் கருக்கும்.

சோப்புக்கு மாற்றாகத் துணி துவைக்கும் தூளையோ பாத்திரம் துலக்கும் திரவத்தையோ சேர்ப்பது நிகழ்கிறது. இவை செயற்கைச் சலவைப் பொருள்கள். எண்ணெய்ப் பிசுக்கை நீக்குவதற்கென்றே உருவானவை என்பதால், இலையைக் காக்கும் மெழுகுப் பூச்சையும் அவை கரைக்கின்றன. சலவைத் தூளில் சோடியம் கார்பனேட்டும் சேர்ந்திருப்பது உண்டு. மெழுகை இழந்த இலை வெயிலில் விரைவாக வாடும்.

வேப்பெண்ணெயைப் பொறுத்தவரை செடியைவிடக் குழந்தையின் பாதுகாப்பு முதன்மையானது. வேப்பெண்ணெயை உட்கொண்ட சிறு குழந்தைகளுக்கு வாந்தி, வலிப்பு, மூளைப் பாதிப்பு ஆகியன ஏற்பட்டமையை மருத்துவ இலக்கியம் பதிவு செய்துள்ளது. குளிர்பானப் புட்டியிலும் குடிநீர்ப் புட்டியிலும் கரைசலை ஊற்றிவைக்கும் பழக்கம் இவ்விடர்க்கு நேர்வழியாகிறது. ‘இயற்கைப் பொருள்’ என்னும் சொல் இவ்விடத்தில் விழிப்பைக் குறைத்துவிடக் கூடாது.

கந்தகமும் போர்டோ கலவையும்

வீட்டுக் கரைசல்களின் வரலாற்றில் சமையலறைக்கு அப்பாற்பட்ட இரு பொருள்களையும் கருத வேண்டும். 1845இல் இங்கிலாந்தின் மார்கேட் நகரில் எட்வர்ட் டக்கர் என்னும் தோட்டக்காரர் திராட்சையில் சாம்பல் நோயைக் கண்டார். 1847இல் பெர்க்லி அப்பூசணத்துக்கு டக்கரின் பெயரையே சூட்டினார். அந்நோய் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்தபோது கைகொடுத்தது கந்தகம். இன்றும் சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் பரிந்துரைக்கப்படுகிறது. ஆயினும் வெப்பநிலை 32 பாகை செல்சியசைக் கடக்கும் நாள்களில் கந்தகம் இலையைக் கருக்கும். பூசணிக் குடும்பத்தின் சில வகைகள் அதனைத் தாங்குவதில்லை. எண்ணெய் தெளித்த இரு வாரங்களுக்குள் கந்தகம் தெளிப்பதும் தீங்கு. பங்குனி, சித்திரை மாதங்களில் தமிழகச் சமவெளியில் கந்தகத்தைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

போர்டோ கலவை அடிச்சாம்பல் நோயின் வழியே பிறந்தது. பிரான்சின் மெடோக் பகுதியில் வழிப்போக்கர் பழம் பறிப்பதைத் தடுக்கச் சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்திருந்தனர். அக்கொடிகள் மட்டும் இலையுதிராமல் நின்றதை 1882இல் மில்லார்டே கண்டு, 1885இல் அதனைப் பூசணக்கொல்லியாக வெளியிட்டார். 1 விழுக்காட்டுக் கலவைக்கு 100 லிட்டர் நீருக்கு மயில்துத்தம் 1 கிலோவும் சுண்ணாம்பு 1 கிலோவும் வேண்டும். பளபளப்பான இரும்புக் கத்தியை அதில் நனைத்துப் பார்க்கும்போது செம்பழுப்புப் படிவு தோன்றினால், தாமிரம் மிகுந்து அமிலத்தன்மை உள்ளது என்பது பொருள். மேலும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். உலோகப் பாத்திரத்தில் இதனைத் தயாரித்தல் கூடாது. மயில்துத்தம் நச்சுப்பொருள் என்பதால், வீட்டில் கலக்கப்பட்டாலும் இது சமையலறைக் கரைசல்களின் வரிசையில் வைக்கத்தக்கதன்று.

கலக்கக் கூடாதவை

ஒன்று பயன் தந்தால் இரண்டு சேர்ந்து இருமடங்கு பயன் தரும் என்ற எண்ணம் தவறானது. ஆப்ப சோடாவுடன் வினிகரைச் சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்து, கரியமில வாயு வெளியேறி, சோடியம் அசிட்டேட் எஞ்சும். நுரை எழுவது வீரியத்தின் அறிகுறியன்று. செறிந்த வினிகர் களைகளைக் கருக்கப் பயன்படுவது. அதனைத் தனியே தெளித்தால் நோயோடு இலையும் அழியும். பிளீச்சிங் பவுடருடன் வினிகர் போன்ற அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்பட்டு நுரையீரலைத் தாக்கும். இது செடிக்கன்றித் தெளிப்பவருக்கே உயிரிடர். முன்பு களைக்கொல்லி ஊற்றிய தெளிப்பானில் இக்கரைசல்களை ஊற்றுவதும் கூடாது. எஞ்சிய களைக்கொல்லியின் சிறு அளவே செடியைக் கெடுக்கும்.

தெளிக்கும் முறை

எந்தக் கரைசலாயினும் முதலில் இரண்டு மூன்று இலைகளில் மட்டும் தெளித்து, இரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். கருகலோ சுருளலோ இல்லையெனில் முழுச் செடிக்கும் தெளிக்கலாம். நீரின்றி வாடிய செடிக்கும், புதிதாக நட்ட நாற்றுக்கும் தெளித்தல் கூடாது. உச்சிவெயிலைத் தவிர்க்க வேண்டும். எண்ணெய்க் கரைசலை வெயில் தாழ்ந்தபின், தேனீக்களின் நடமாட்டம் ஓய்ந்த வேளையில், பூக்களை விலக்கித் தெளிப்பது நன்று. கண்ணாடியும் கையுறையும் அணிவதும், காற்றை எதிர்நோக்கித் தெளிக்காதிருப்பதும் இக்கரைசல்களுக்கும் பொருந்தும்.

இக்கரைசல்கள் அனைத்தும் நோயைத் தடுப்பனவும் தொடக்கத்தில் மட்டுப்படுத்துவனவுமே அன்றி, முற்றிய நோயைக் குணப்படுத்துவன அல்ல. வெளுத்துப்போன இலை மீண்டும் பசுமை பெறுவதில்லை. புதிய இலைகளில் நோய் தோன்றாதிருப்பதே கரைசல் பயன்பட்டதற்கான அடையாளம். இரண்டு மூன்று தெளிப்புக்குப் பின்னும் நோய் பரவினால் அளவைக் கூட்டாமல், தாக்குண்ட இலைகளைக் கிள்ளி அகற்றி, செடிகளிடையே காற்றும் வெயிலும் புகும்படி இடைவெளி விடுதல் வேண்டும்.

முடிவுரை

சாம்பல் நோய்க்கான வீட்டுக் கரைசல்கள் வெறும் நம்பிக்கை சார்ந்தவை அல்ல. அவற்றுள் ஆப்ப சோடாவுக்கும் பாலுக்கும் வேப்பெண்ணெய்க்கும் ஆய்வுப் பின்புலம் உண்டு. எனினும் ஆய்வில் இருந்த அளவும் பயிரும் வாய்மொழியில் உதிர்ந்துவிடுகின்றன. பொருளின் பெயர் மட்டும் எஞ்சுகிறது. அப்பெயரும் ‘சோடா’, ‘சோப்பு’, ‘சாம்பல்’ எனப் பல பொருள் தருவதாக இருப்பின், பயனுள்ள குறிப்பே தீங்காக மாறுகிறது.

ஆகவே தமிழில் இத்தகைய குறிப்புகளை எழுதுவோர் நான்கு செய்திகளை விடாது தருதல் வேண்டும். நோயை மற்றொன்றிலிருந்து பிரித்தறியும் அடையாளம். வழக்குப் பெயரோடு பொருளின் வேதிப்பெயர். கரண்டிக்கு மாற்றாகக் கிராம், மில்லிலிட்டர் அளவு. எப்போது நிறுத்த வேண்டும் என்னும் எல்லை. பூசணக்கொல்லியின் உறையில் அச்சிடப்படும் இச்செய்திகளை, உறையில்லாத சமையலறைப் பொருளுக்கு எழுத்தே வழங்க வேண்டியுள்ளது. வேளாண் கலைச்சொல்லின் தெளிவு இவ்விடத்தில் மொழிநலத்தோடு நிற்பதில்லை. அது தொட்டிச் செடியின் நலமும், அதனருகே விளையாடும் குழந்தையின் நலமும் ஆகும்.